கம்பிவேலி வாசலில் ஏரிக்கரைப் பள்ளி

அந்தப் புத்தகங்களை நான் முதன்முதலில் படித்தது ரயிலில். மலாயாவில், காலையில் எங்கள் ஊர் லாபு ஸ்டேஷனில் ஏறி, சிரம்பானில் கான்வென்ட்டுக்குப் போய், மத்தியானம் அதே வழியில் திரும்பி வருவேன். ரப்பர் தோட்டத்தில் அப்பா பெரிய கிராணி. ஆபீஸில் உட்கார்ந்து ஆட்களின் பேர் பதிகிறவர். தோட்டத்துப் பெண்பிள்ளை ஒருத்தி ரயிலேறி இங்கிலீஷ் படிக்கப் போவது அந்தக் காலத்தில் கொஞ்சம் பேசப்பட்ட விஷயம்தான். எனக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. ஜன்னலோரம் இடம் கிடைக்க வேண்டும், பையில் புத்தகம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் ஒரு ஏரிக்கரை. அங்கே பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு பள்ளிக்கூடம். ஒவ்வொரு புத்தகமும் அந்தப் பள்ளியில் ஒரு வருஷம். முதல் புத்தகத்தில் பெட்டியோடு வந்து இறங்கி மூக்கைச் சிந்தி அழுகிற சிவப்பு முடிக்காரி, கடைசிப் புத்தகத்தில் எல்லோருக்கும் மூத்தவளாகி, அழுகிற சின்னப் பிள்ளைகளைத் தேற்றுவாள். நடுவில் சண்டை, சமாதானம், படகுப் போட்டி, பிரெஞ்சு டீச்சரை ஏமாற்றுவது, வீட்டிலிருந்து வந்த கேக்கை ஒளித்து வைத்துத் திருட்டுத்தனமாகத் தின்பது. எனக்கும் அப்படித் தங்கிப் படிக்க வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "ரயில்ல போய்ட்டு வர்ற புள்ளைக்கு ஆஸ்டல் எதுக்கு? அம்மா சோறு கசக்குதா?" என்றார்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். கான்வென்ட் மூடியது. அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் வரவில்லை. சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்தபோது எனக்குப் படிக்கிற வயது தாண்டியிருந்தது. கிராணி வீட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அம்மாவும் நானும் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தின் கடைசி அறைக்கு வந்தோம். பெற்றோர் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற ஆயாக் கொட்டகையில் அம்மாவுக்கு வேலை கிடைத்தது.

கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் போய்ச் சண்டை தொடங்கி அவசரகாலம் வந்ததும் தோட்டத்தின் முகமே மாறிவிட்டது. காட்டோரத்தில் தனித்தனியாக இருந்த லயங்களையெல்லாம் காலி செய்து, எல்லோரையும் ஓரிடத்தில் கொண்டு வந்து, சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். வேலிக்கு ஒரே வாசல். காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்பதற்காக வாசலைத் தாண்டி ஒரு பிடி அரிசிகூட வெளியே போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. சோறு கூடாது, ரொட்டி கூடாது, பால் டின் கூடாது. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் தண்ணீரோ பாலும் சீனியும் போடாத வரத்தேத்தண்ணியோ கொண்டு போகலாம். ஆண்களைப் போலீஸ் சோதித்தது. பெண்களைச் சோதிக்க ஒரு பெண் வேண்டியிருந்தது.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டனுப்பினார். இங்கிலீஷ் தெரிந்த பெண், நம்பகமான குடும்பம் என்றார். எனக்கு முன்னால் கேட்டவர்கள் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பது பிறகுதான் தெரிய வந்தது. தெரிந்திருந்தாலும் நான் மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா என்று தெரியவில்லை. அம்மாவுக்கு அப்போதே மூச்சிரைப்பு.

வாசலுக்குப் பக்கத்தில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு கொட்டகை. மூன்று பக்கம் சாக்குப் படுதா. விடியுமுன் பெண்கள் வரிசையாக வருவார்கள். ஒவ்வொருத்தியும் உள்ளே வந்து கையைத் தூக்கி நிற்பாள். தலைத்துணியை அவிழ்த்துப் பார்க்க வேண்டும், கொண்டையைத் தொட்டுப் பார்க்க வேண்டும், இடுப்பு, மடி, பாவாடை மடிப்பு, பால் வாளியின் அடி. அவர்கள் வேலைக்கு உடுத்துகிற துணியில் காய்ந்த பாலின் புளித்த நாற்றம் அடிக்கும். வரிசை முடியும்போது அந்த நாற்றம் என் கையிலும் ஏறியிருக்கும். சோப்பு போட்டாலும் போகாது. சின்ன வயதில் என்னைத் தூக்கி வைத்திருந்தவர்கள்கூட என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நானும் யார் முகத்தையும் பார்க்க மாட்டேன். முதலில் சங்கடமாக இருந்தது. கொஞ்ச நாளில் சங்கடம்கூடப் போய்விட்டது. வெறும் அலுப்புதான் மிஞ்சியது. முதுகு, கால், கண்ணுக்குப் பின்னால் ஒரு பாரம்.

அந்தச் சமயத்தில்தான் துரையின் மனைவி, துரையம்மா, இங்கிலாந்துக்குக் கிளம்பினார். காட்டிலிருந்து வந்தவர்கள் பங்களாவின் மேல் ஒரு தடவை சுட்டுவிட்டார்கள், அதற்குப் பிறகு அவருக்கு அங்கே தூக்கம் வரவில்லை. சாமான் கட்டுகிறபோது உதவிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மகளின் அறையில் ஓர் அலமாரி. அதில் ஏரிக்கரைப் பள்ளியின் எல்லாப் புத்தகங்களும் வரிசையாக இருந்தன. நான் நின்று பார்த்துக்கொண்டே இருந்ததைத் துரையம்மா கவனித்தார்.

"வேண்டுமென்றால் எடுத்துக்கொள். அவளுக்கு இனி வேண்டாம்" என்றார். அவருடைய மகள் இங்கிலாந்தில் அப்படி ஒரு பள்ளியில்தான் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அங்கே இதில் வருகிற மாதிரியே இருக்குமா?" என்று கேட்டேன்.

துரையம்மா ஒரு துண்டை மடித்துக்கொண்டே சொன்னார்: "குளிர் அதிகமாம். அவளுக்கு அந்த இடம் பிடிக்கவில்லை."

நான் புத்தகங்களைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பால் வெட்டுகிறவர்கள் போன பிறகும் சாயங்காலம் வாசலை மூடுகிறவரை நான் கொட்டகையிலேயே இருக்க வேண்டும். இடையில் யாராவது பெண் வெளியே போக வந்தால் சோதிக்க ஆள் வேண்டுமல்லவா. அந்த நேரத்தில் படிக்க ஆரம்பித்தேன். புதிதாக ஒரு புத்தகத்தை எடுத்து அதில் வருகிறவர்களையெல்லாம் பழக்கம் பிடிப்பதற்கு ஒரு தெம்பு வேண்டும். எனக்கு அது இருக்கவில்லை. இதில் அடுத்த பக்கத்தில் யார் வழுக்கி விழுவாள், யார் மன்னிப்புக் கேட்பாள் என்பது முன்பே தெரியும். கண் சொருகி நடுவில் இரண்டு பக்கம் விட்டுப்போனாலும் நஷ்டமில்லை. கடைசிப் புத்தகம் முடிந்தால் மறுபடி முதல் புத்தகம். இப்படி எத்தனை சுற்று வந்தேன் என்று கணக்கு வைக்கவில்லை.

ஆனால் சின்ன வயதில் படித்தபோது இருந்த ருசி இல்லை. அப்போது நான் சிவப்பு முடிக்காரியாக இருந்தேன். இப்போது அவள் செய்கிற சேட்டைகளைப் படிக்கும்போது யார் இதையெல்லாம் கழுவித் துடைப்பார்கள் என்று தோன்றியது. அந்தப் பள்ளியில் ஒரு மேட்ரன் உண்டு. பிள்ளைகளின் அலமாரியைச் சோதிப்பது, ஒளித்து வைத்த கேக்கைக் கண்டுபிடிப்பது, விளக்கை அணைப்பதுதான் அவளுடைய வேலை. ரயிலில் படித்த வயதில் அவளைக் கண்டாலே எனக்கு ஆகாது. இப்போது அவள் வருகிற இடங்களைத் தேடிப் படித்தேன். அதிகம் இல்லை. மூன்றாவது புத்தகத்தில் ஓரிடத்தில் அவள் மாடிப்படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தேய்த்துக்கொள்கிறாள். பிள்ளைகளின் காலடிச் சத்தம் கேட்டதும் எழுந்துகொள்கிறாள். ஒரு வரிதான். முன்பு அந்த வரி என் கண்ணில் பட்டதாகவே ஞாபகம் இல்லை.

அந்தக் கொட்டகைக்கு மத்தியானத்தில் வந்து உட்கார ஆரம்பித்தாள் ஓர் அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். பால் வெட்டுகிறவள். அவளுடைய புருஷனைக் கொஞ்ச காலத்துக்கு முன்னால் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி கொடுத்தான் என்று வழக்கு. விசாரணை இல்லாமல் எங்கேயோ ஒரு முகாமில் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு லயத்தில் யாரும் அவளிடம் அதிகம் பேசுவதில்லை. பேசினால் நம்மையும் சேர்த்து எழுதிவிடுவார்களோ என்ற பயம். என்னோடும் யாரும் பேசுவதில்லை. அதனால்தான் அங்கே வந்தாளோ என்னவோ, நான் கேட்டதில்லை. வயிற்றில் பிள்ளை இருந்தது. நிழலில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள்.

"எப்பப் பாரு அதையே வச்சிக்கிட்டுப் படிக்கிறியே தங்கச்சி, என்னா அது? சாமி புத்தகமா?"

"கதைப் புத்தகம் கா. வெள்ளைக்காரப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துல தங்கிப் படிக்கிற கதை."

"சும்மா மனசுக்குள்ளயே படிச்சா எனக்கு எப்படித் தெரியும்? வாய்விட்டுச் சொல்லு லா."

நான் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன். அக்காவுக்குக் கதையைவிடக் கதையில் இல்லாதவைதான் முக்கியம்.

"அத்தன புள்ளைங்களுக்கு யாரு சோறாக்கறது?"

"அதெல்லாம் போடல கா."

"போடலன்னா? பட்டினியா கெடக்குதுங்க? சரி, ஆயி அப்பன் உசுரோட இருக்காங்களா?"

"இருக்காங்க. நல்ல வசதியானவங்க."

"பின்ன ஏன் கொண்டாந்து வுட்டுட்டுப் போறாங்க?"

"அவங்க வழக்கம் அப்படி."

திருட்டுத்தனமாகக் கேக் தின்கிற அத்தியாயம் வந்தபோது அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நல்லா தின்னுட்டு, மறுபடியும் ஒளிஞ்சு ஒக்காந்து தின்னுதுங்களா? கொழுப்பு லா!" என்றாள். நானும் சிரித்தேன். நான் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. பிறகு மேட்ரன் வந்து கேக்கைப் பறிமுதல் செய்கிற இடத்தைச் சொன்னேன். அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்தம்மாவுக்குக் குடும்பம் குட்டி ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

ஒருநாள் நானாகவே கேட்டுவிட்டேன், அவளுடைய புருஷன் உண்மையிலேயே அரிசி கொடுத்தாரா என்று.

"குடுத்தாரு. துப்பாக்கிய எடுத்துக்கிட்டு மரத்து நெரையில வந்து நின்னு கேட்டானுங்க. ஒங்கிட்ட வந்து கேட்டா நீ குடுக்க மாட்டியா?" என்றாள்.

சாப்பாட்டுக் கட்டுப்பாடு இன்னும் கடுமையானது. ரேஷன் அரிசியைக் குறைத்தார்கள். பெண்கள் வெறும் வயிற்றோடு விடியுமுன் கிளம்பி, மரங்களை வெட்டி, பாலை எடுத்து ஸ்டோரில் எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துதான் சாப்பிட முடியும். வயிற்றுப் பிள்ளைக்காரிகள் ரப்பர் மரங்களுக்கு நடுவிலேயே மயங்கி விழுந்தார்கள். வேலை வாங்குகிற தண்டல் தண்ணீர் தெளித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு வருவார். அக்கா ஒரே வாரத்தில் இரண்டு தரம் விழுந்தாள்.

அதற்கடுத்த வாரம் ஒரு காலையில் அவள் உள்ளே வந்து கையைத் தூக்கினாள். இடுப்பில் என் கை பட்டது. சேலைக்கு உள்ளே, பின்பக்கமாக, துணியில் கட்டிய ஓர் உருண்டை. இன்னும் சூடாக இருந்தது. சோறு.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. படுதாவுக்கு அந்தப் பக்கம் ரெம்பா என்ற ஊரிலிருந்து வந்திருந்த மலாய்க்காரப் போலீஸ்காரர் நின்றிருந்தார். வயதில் சின்னவர், எப்போதும் இருமிக்கொண்டே இருப்பார். ஏற்கனவே உள்ளே இருப்பவனுடைய பெண்சாதி சோற்றோடு பிடிபட்டால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். விட்டுவிட்டால், போகிற வழியில் ரோந்துக்காரர்கள் யாராவது மறுபடி சோதித்தால், அவளோடு நானும்தான். எனக்குப் பயமாக இருந்ததா என்று கேட்டால் இல்லை. பயப்படவும் எனக்குச் சக்தி இல்லை. உட்கார வேண்டும் போலிருந்தது.

முடிச்சை அவிழ்த்து அவள் கையில் வைத்தேன். "இங்கயே ஒக்காந்து தின்னுட்டுப் போங்க கா" என்றேன்.

"இங்கயா?"

"இங்கயேதான். வெளிய கொண்டு போகக் கூடாதுன்னுதான சொல்லியிருக்காங்க. திங்கக் கூடாதுன்னு சொல்லல."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து தின்றாள். வரிசை நின்றுவிட்டதால் போலீஸ்காரர் படுதாவை விலக்கி எட்டிப் பார்த்தார். அவளைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "மக்கான் லா. மக்கான் சினி, ஜாங்கான் பாவா" என்றார். சாப்பிடு, இங்கேயே சாப்பிடு, கொண்டு போகாதே என்று அர்த்தம். படுதாவை விட்டுவிட்டு வெளியே போய் இருமினார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அதே நேரம் வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். வரிசை ஏன் நகரவில்லை என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தார். அக்கா வாயில் சோற்றோடு அசையாமல் இருந்தாள்.

நான் கான்வென்ட் இங்கிலீஷில் சொன்னேன்: இந்தப் பெண் பிள்ளைத்தாய்ச்சி, போன வாரம் வேலையில் மயங்கி விழுந்தாள், அதனால் என் கண்ணெதிரில் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன், ஒரு பருக்கைகூட வெளியே போகாது.

அவர் கிட்டே வந்து நின்று அவளைப் பார்த்தார். சவரம் செய்யாத முகம், சிவந்த கண். அவருக்கும் பல நாள் தூக்கம் இருந்திருக்காது. கடைசியில், "யார் யார் சாப்பிடலாம்?" என்று கேட்டார்.

அப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "வயிற்றுப் பிள்ளைக்காரிகளும் பால் கொடுக்கிற தாய்மார்களும்" என்றேன்.

"பாத்திரம் இந்தக் கொட்டகையை விட்டு வெளியே போகக் கூடாது. போனால் நீதான் பொறுப்பு." சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து கொட்டகையில் கஞ்சி. துரையிடம் சொன்னேன், அவர் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. அவரவர் ரேஷனிலிருந்து முந்தின நாளே ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்துவிடுவார்கள். அம்மா விடியுமுன்பே எழுந்து ஆயாக் கொட்டகை அடுப்பில் கஞ்சி வைத்து, உப்புப் போட்டு, எங்கள் கொட்டகைக்குக் கொண்டு வருவார். இப்போது எனக்கு இன்னும் முன்னதாக எழ வேண்டியிருந்தது. சோதிக்கிற வேலையோடு கிண்ணம் கழுவுகிற வேலையும் சேர்ந்துகொண்டது. அந்தப் பெண்கள் என்னோடு சிநேகமாகிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். குடித்துவிட்டு, கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு, கையைத் தூக்கி நிற்பார்கள். ஆனால் கூரையைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்கள். ஒருத்தி தன் மாமியாரைப் பற்றிப் புகார் சொல்வாள். இன்னொருத்தி, "கஞ்சியில நாளைக்காவது ஒரு வெங்காயத்த நறுக்கிப் போடச் சொல்லு ஒங்கம்மாவ" என்பாள். எங்கம்மா மறுநாள் எங்கிருந்தோ வெங்காயம் கொண்டு வந்தார்.

அக்காவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். மத்தியானங்களில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கதை கேட்பாள். ஐந்தாவது புத்தகத்தில் பாதிவரை வந்திருந்தோம்.

பிறகு புருஷனை நாடு கடத்தப் போகிறார்கள் என்று ஆபீஸில் சொன்னார்கள். இந்தியாவுக்கு. பெண்சாதி பிள்ளை விரும்பினால் கூடவே போகலாம். அக்கா பிறந்ததே இந்தத் தோட்டத்தில்தான். அவள் அதுவரை கப்பலைக்கூடப் பார்த்ததில்லை.

"போகாதீங்க கா" என்று சொன்னேன்.

"போகாம? இங்க எனக்கு யாரு இருக்கா? அங்க போனா அந்த மனுசன் மொகமாச்சும் இருக்கும்."

"அங்க யாரயும் தெரியாதே."

"இங்க மட்டும் யாருக்கு என்னத் தெரியுது? எதுக்க வந்தாக்கூட தலையக் குனிஞ்சிக்கிட்டுப் போறாங்க. ஒரு வருசமா பாத்துட்டேன். அலுத்துப்போச்சு தங்கச்சி."

அவள் கிளம்புகிற அன்று லாரி வாசலுக்கு வெளியே நின்றது. அவளையும் நான்தான் சோதித்தேன். மூட்டையில் துணிகள், ஒரு பித்தளைக் குடம், பிள்ளைக்கு என்று அம்மா தைத்துக் கொடுத்த சட்டைகள். நான் ஒரு புத்தகத்தை எடுத்து மூட்டைக்குள் வைக்கப் போனேன். அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"எனக்கு என்னாத்துக்கு இது? தமிழே படிக்கத் தெரியாது. சுமக்கறதுக்கா?"

"புள்ளைக்கு, பெரிசானப்புறம்."

"புள்ளையே சுமைதான். போதும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "அந்தச் செவப்பு முடிக்காரி கடைசில என்னா ஆவுறா? அத மட்டும் சொல்லிரு" என்றாள்.

லாரிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார். படிப்பு முடிந்து வீட்டுக்குப் போகிறாள் என்று சொன்னேன். "நல்லதாப் போச்சு" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் ஏறினாள் என்பது வரை தெரியும். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

சில வருஷங்களில் எங்கள் பக்கம் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். ஒரு மத்தியானம் ஆட்கள் வந்து வாசலைக் கழற்றினார்கள், வேலிக் கம்பியைச் சுருட்டி லாரியில் ஏற்றினார்கள். கொட்டகையைப் பிரித்து அத்தாப்பை யாரோ கோழிக்கூண்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். இனி வேலை இல்லை என்று துரை சொன்னபோது, என்ன செய்யப் போகிறாய் என்று அவர் கேட்டார். தூங்கப் போகிறேன் என்று சொன்னேன். வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார்.

நிஜமாகவே தூங்கினேன். அம்மா சாப்பாட்டுக்கு மட்டும் எழுப்புவார். பல நாளுக்குப் பிறகு ஒரு சாயங்காலம் எழுந்து முகம் கழுவிவிட்டு, அக்கா போனதோடு நிறுத்தியிருந்த ஐந்தாவது புத்தகத்தை விட்ட இடத்திலிருந்து எடுத்தேன். படகுப் போட்டிக்கு எல்லோரும் தயாராகிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து அறையில் யாரோ கருவாடு பொரித்துக்கொண்டிருந்தார்கள், வாசனை வந்தது. எனக்குப் பசித்தது. புத்தகத்தை அப்படியே மூடிவிட்டு அம்மாவிடம் போய், இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டேன்.